எழுபத்தொரு அங்குலம்

திங்கட்கிழமைதோறும் கடல்
உறையில் வரும் என் மேசைக்கு.
ஜூனோ நகரில், இரண்டாம் மாடியில்.
என் ஜன்னல் பார்ப்பதோ
வாகன நிறுத்தத்தை.

வாடகைப் படகுக்காரர்களின் பதிவேட்டுத் தாள்கள்:
மீன்கொழுப்பு ஊறிக் கண்ணாடியானவை,
காப்பிக் கோப்பை வட்டம் பதிந்தவை.
ஒன்றில் ஒருமுறை செதிள் ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
மாலைவரை கட்டைவிரல் நாறியது.
நான் தூண்டில் பிடித்தவளில்லை;
படகேறினால் குடல் வாய்க்கு வரும்.

ஆனாலும் யார் பொய் சொல்கிறார்கள் என்று
எனக்குத் தெரியும்.
முப்பத்தொன்பதே முக்கால், முப்பத்தொன்பதே முக்கால்,
முப்பத்தொன்பதே முக்கால்.
ஒரே நாளில் ஒரே படகில்
மூன்று மீன் அப்படி வளர்ந்து வராது.

அந்த வருடத்து விதி இது:
நாற்பது அங்குலத்துக்குள் என்றால் வைத்துக்கொள்ளலாம்.
எண்பதைத் தாண்டினாலும் வைத்துக்கொள்ளலாம்.
நடுவில் இருப்பதெல்லாம் கடலுக்கே.
புதன்கிழமை என்றால்
எந்த அளவு ஹாலிபட்டும் கடலுக்கே.
எழுதாமல் விட்டால் அபராதம்.
ஒன்றும் படாவிட்டாலும் எழுத வேண்டும்,
சுழியம் என்று.

ஹால்வர் ஸ்டென்ஸ்லாண்ட், படகின் பெயர் 'சிக்னே'.
ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போடுகிறவர்.
பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் தாமதமில்லை.
ஒரு முறை மட்டும்
வாடிக்கையாளர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
இவரே எழுதியிருந்தார்:
"டாலஸ் பல் வைத்தியர். வாலை மடக்கி அளக்கச் சொன்னார்.
மடக்கவில்லை. பேச மாட்டேன் என்கிறார்."
குறிப்புகளுக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.
அறை முழுக்கக் கேட்கும்படி
இரண்டு தரம் வாசித்தேன்.

அவருடையது கைமாற்ற முடியாத உரிமம்.
விற்க முடியாது, மகளுக்கு எழுதிவைக்க முடியாது.
ஆள் உள்ளவரை
உரிமம் உண்டு.

ஆகஸ்ட் கடைசியில் வந்த உறை
எட்டு நாள் தாமதம்.
ஏழில் கோடு இல்லை.

கிழமை: புதன்.
வாடிக்கையாளர்: 0.
வைத்துக்கொண்டவை: 0.
விட்டவை: 1.
நீளம்: 71.

கணினி சிவந்தது.
தூண்டில் போட ஆளே இல்லாத பயணத்தில்
விடுவதற்கு மீன் ஏது?
தொலைபேசியில் அழைத்தேன்.
"மீன்வளத் துறையிலிருந்து பெர்பெதுவா.
நாற்பத்திரண்டாம் தாளில் ஒரு பிழை."

மறுமுனையில் காற்று. ஏதோ பறவை.
பிறகு ஒரு பெண்:
"பிழை இல்லை. அப்பாதான்.
ஐந்தடி பதினோரு அங்குலம்.
நடு அளவு, வைத்துக்கொள்ள முடியாதே.
புதன்கிழமை வேறு."

சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.
சிரிப்பும் இருந்தது.

"சாம்பலானாலும் கணக்கில் ஏற்று,
இல்லாவிட்டால் ஜூனோவிலிருந்து
அந்தப் பெண் அழைப்பாள் என்றார்.
எழுதியும் அழைத்துவிட்டீர்கள்."

வருந்துகிறேன் என்றேன்.
அடுத்த மூச்சிலேயே,
நாற்பத்து மூன்று முதல் அறுபது வரை
வெற்றுத் தாள்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்,
கடித்து என்ன பயன்.
"கட்டி வைத்திருக்கிறேன்" என்றாள் இங்கெபோர்,
"தபால்தலைதான் தீர்ந்துவிட்டது."

அந்த வரியை அழித்தால்தான்
அடுத்த தாள் திறக்கும்.
அழித்தேன்.
ஆண்டறிக்கையில் கடல் ஒன்று குறைவாக இருக்கும்.

அழிக்கும் முன்
இடம் என்ற கட்டத்திலிருந்த ஆறு இலக்கங்களைச்
சுவர் வரைபடத்தில் தேடினேன்.
இத்தனை வருடத்தில் அதன் அருகே நான் போனதில்லை.
இரண்டு தீவுகளுக்கு நடுவே
என் சுண்டுவிரல் நகம் அளவு நீலம்.

வெளியே வாகனங்களின் மேல் மழை.
அடுத்த உறையைப் பிரித்தேன்.
முப்பத்தொன்பதே முக்கால்.